பார்த்ததைச் சொன்னவர்

14.7.1991

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். அம்மாவும் நல்லா இருக்காங்க. நீங்க நல்லா இருக்கீங்களா? கடிதம் எழுதினா முதல்ல இதைத்தான் கேக்கணும்னு டீச்சர் சொன்னாங்க. கேட்டுட்டேன்.

நான் மூணாம் வகுப்புக்கு வந்துட்டேன். ஜன்னல் பக்கம் இடம் கிடைச்சிருக்கு. நீங்க புதுசா வேலைக்குப் போன ஊர்ல மழை பெய்யுதா? இங்க பெய்யுது.

சித்தப்பாவை ஜெயிலுக்குக் கூட்டிட்டுப் போனதுல இருந்து சித்தி கீழ் வீட்ல தனியா இருக்காங்க. அதனால நானும் அம்மாவும் மாடியில படுக்கிறது இல்ல. கீழ போய் சித்தியோட படுத்துக்கிறோம். சித்தி என்கிட்ட நல்லாப் பேசுறாங்க. உங்களைப் பத்தி மட்டும் பேச மாட்டாங்க.

அப்பா, எனக்கு ஒண்ணு புரியல. பெரியவங்க சொன்னா கேக்கணும்னு நீங்கதானே சொல்வீங்க. தையல் ஃபேக்டரியில பின்கதவைப் பூட்டி வைன்னு முதலாளி சொன்னாராம், துணி வெளிய போயிடுதுன்னு. அங்க மேற்பார்வை பாக்குற சித்தப்பா பூட்டினாரு. சொன்ன பேச்சைக் கேட்டதுக்கு எதுக்கு ஜெயில்? அன்னிக்குத் தீப் பிடிக்கும்னு சித்தப்பாவுக்கு எப்படித் தெரியும்? தீப் பிடிக்கலைன்னா பூட்டினது தப்பே இல்லதானே?

பொத்தான் தைக்கிற அக்கா வெளிய வர முடியாம செத்துப் போனாங்கன்னு எனக்கும் வருத்தம்தான்.

ஜெயிலுக்குப் போறவங்க எல்லாம் கெட்டவங்கன்னு பக்கத்து வீட்டு அண்ணன் சொல்றான். அப்ப சித்தப்பா கெட்டவரா? வெளிய வந்ததும் மறுபடி நல்லவர் ஆயிடுவாரா?

"உங்கப்பா 'நான் பாக்கல'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எல்லாரும் ஒரே வீட்ல இருந்திருப்போம்"னு அம்மா சொல்றாங்க. நீங்க ஏன் சொல்லல? நான் கேட்டேன்னு அம்மாகிட்ட சொல்லாதீங்க.

இப்படிக்கு,
உங்கள் வாயாடி


26.7.1991

என் வாயாடிக் குட்டிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. எழுத்து குண்டு குண்டாக அழகாக இருக்கிறது. ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது வேடிக்கை பார்க்க அல்ல என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே எனக்கு ஒரு காகிதக் கிடங்கில் வேலை. ஃபேக்டரி ஸ்டோரில் செய்த அதே வேலைதான், துணிக்குப் பதில் காகிதம். தங்குவதற்கு மாடியில் ஒற்றை அறை. ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், ஒரு ஜன்னல். திறந்தால் எதிர்வீட்டுச் சுவர் தெரியும். மழை பெய்தால் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நீ கேட்டதற்கு வருகிறேன். அன்று நான் ஸ்டோர் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். பின்கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டதைப் பார்த்தேன். கோர்ட்டில், "பார்த்தீர்களா?" என்று கேட்டார்கள். பார்த்தேன் என்றேன். பொய் சொல்லக்கூடாது. உனக்குச் சொல்வதைத்தான் நானும் செய்தேன்.

பெரியவர்கள் சொன்னால் கேட்க வேண்டும், சரி. ஆனால் உள்ளே ஆட்கள் வேலை செய்யும்போது கதவைப் பூட்டு என்று யார் சொன்னாலும் கேட்கக்கூடாது. தீப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும். இது உன் வயதுக்குக் கொஞ்சம் பெரிய விஷயம். போகப் போகப் புரியும்.

சித்தப்பா கெட்டவர் இல்லை. பக்கத்து வீட்டு அண்ணன் அவனுடைய பாடத்தைப் படித்தால் போதும்.

அம்மாவிடம் சொல்ல மாட்டேன். சித்தியைத் தொந்தரவு செய்யாதே.

அன்புடன்,
அப்பா


3.9.1995

அப்பாவுக்கு,

நீங்கள் வாங்கி வந்த பேனா நன்றாக எழுதுகிறது. அம்மா நன்றி சொல்லி எழுதச் சொன்னார்கள். எழுதிவிட்டேன்.

போன வாரம் நீங்கள் இங்கே இருந்த நான்கு நாளும் கீழ் வீடு பூட்டியிருந்ததைக் கவனித்தீர்களா? சித்தப்பாவும் சித்தியும் சித்தியின் அக்கா வீட்டுக்குப் போயிருந்தார்கள். நீங்கள் பஸ் ஏறின மறுநாள் காலையில் திரும்பி வந்துவிட்டார்கள். ஜெயிலில் இருந்து வந்தபிறகு சித்தப்பா நீங்கள் வரும்போதெல்லாம் இப்படித்தான் செய்கிறார். நீங்களும் "எங்கே அவன்?" என்று ஒரு தடவைகூடக் கேட்பதில்லை. அம்மா தட்டில் சாப்பாடு போட, நீங்கள் பஸ் எத்தனை மணிக்கு என்று பேச, எனக்கு எழுந்து போய்விடலாம் போல இருந்தது.

சித்தப்பா இப்போது யாரிடமும் வேலை கேட்பதில்லை. தெருவில் சுவர் ஓரமாக நடக்கிறார். என் வகுப்புப் பெண்கள் என்னைப் பார்த்துவிட்டு அவரைப் பார்ப்பார்கள்.

எங்கள் வகுப்பில் ஒருத்தியின் அண்ணன் யாருடைய சைக்கிளையோ எடுத்து மாட்டிக்கொண்டான். "என் பையன் அன்னிக்கு முழுக்க வீட்லதான் இருந்தான்" என்று அவள் அப்பா ஒரே போடாகப் போட்டுவிட்டார். விட்டுவிட்டார்கள். அவரை எல்லோரும் நல்ல அப்பா என்கிறார்கள். குடும்பம் என்றால் அப்படித்தானே இருக்க வேண்டும்? நல்ல அண்ணன் தம்பியைக் காப்பாற்றுவான். இதைத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நீங்கள் மட்டும் ஏன் எல்லோரையும் போல் இல்லை?

அம்மா இதைப் படிக்கவில்லை.

மகள்


20.9.1995

அன்பு மகளுக்கு,

'வாயாடி' என்று கையெழுத்துப் போடவில்லை. கோபம் என்று புரிந்துகொண்டேன்.

எல்லோரும் என்று எழுதியிருக்கிறாய். சைக்கிளைப் பறிகொடுத்தவனும் அந்த எல்லோரில் உண்டா? அவன் அப்பாவைக் கேட்டாயா?

நான் சாட்சி சொன்ன அன்று, தீயில் செத்துப்போன அந்தப் பெண்ணின் அம்மா கோர்ட்டில் எனக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் அது குடும்பம்தான். நான் சொல்லி முடித்தபோது அவர் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பாக்கல என்று சொல்லியிருந்தால் அவர் என்னை நிமிர்ந்து பார்த்திருப்பார். அந்தப் பார்வையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை.

கீழ் வீடு பூட்டியிருந்ததைக் கவனித்தேன்.

நன்றாகப் படி. பேனாவுக்கு மை இங்கே மலிவு, அடுத்த முறை வாங்கி வருகிறேன்.

அப்பா


8.2.1999

அன்புள்ள அப்பாவுக்கு,

பெரிய கடிதம். பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் பள்ளியில் ஒரு சம்பவம். என் தோழியை உங்களுக்குத் தெரியும், போன முறை வந்தபோது கதவில் தலையை இடித்துக்கொண்டாளே, நெட்டை. அவளும் நானும் மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தோம். முன்னால் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஆமை வேகத்தில் இறங்கினாள். நெட்டை விளையாட்டுக்கு "நகருடி" என்று முதுகில் கை வைத்துத் தள்ளினாள். அவள் உருண்டு போய்க் கையை உடைத்துக்கொண்டாள். தள்ளியது யார் என்று அவளுக்கே தெரியவில்லை.

படியில் ஈரம் இருந்ததாம். உடனே பழி, துடைக்கிற அம்மாமேல் விழுந்தது. தலைமையாசிரியை அவரை வேலையை விட்டு நிறுத்தப்போவதாகச் சொன்னார். நெட்டை என்னைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் இழுத்துப் போய், "அவளே வழுக்கி விழுந்தான்னு சொல்லிடுடி. உனக்கும் எனக்கும்தான் தெரியும்" என்றாள். "அந்தம்மாவுக்கு வேலை போயிடும்" என்றேன். "வேற எடத்துல கிடைச்சிடும். என் பேர்ல இது பதிவாயிடும்டி, காலேஜ்ல சேர்க்க மாட்டாங்க" என்றாள்.

நான் போய்ச் சொல்லிவிட்டேன். நெட்டையை இரண்டு வாரம் பள்ளிக்கு வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கைப்பந்துக் குழுவில் இருந்தும் எடுத்துவிட்டார்கள். வகுப்பில் பாதிப் பேர் என்னிடம் பேசுவதில்லை.

ஏழாம் வகுப்பில் நான் உங்களுக்கு எழுதியதை நினைத்தேன். தோழிக்கு ஒரு விதி, துடைக்கிற அம்மாவுக்கு ஒரு விதி என்று வைத்தால் அதற்குப் பெயர் விதியே இல்லை. அன்று நீங்கள் செய்தது சரி. அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அம்மா, "உங்கப்பா பொண்ணுதானே நீ" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்கள். திட்டினார்களா பாராட்டினார்களா தெரியவில்லை.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. பூட்டச் சொன்ன முதலாளி வெளியே, பூட்டினவர் உள்ளே. அது எப்படி சட்டம்? அதை நீங்கள் ஏன் சொல்லவில்லை?

உங்கள் வாயாடி


19.2.1999

என் வாயாடிக்கு,

உன் கடிதத்தைக் கிடங்கிலேயே பிரித்துப் படித்தேன். சரியாகச் செய்தாய். இதற்குமேல் எழுதினால் உனக்குத் தலைக்கனம் ஏறிவிடும்.

முதலாளி சொன்னதை நான் காதால் கேட்கவில்லை. கேட்டதாகச் சொல்லியிருந்தால் அதுவும் பொய்தான். அவர் தப்பித்தது எனக்குச் சம்மதம் என்று நினைக்காதே. நான் பார்த்தது அவ்வளவுதான். சாட்சிக்காரன் நீதிபதி இல்லை.

வகுப்பில் பேசாதவர்கள் பரீட்சைக்கு முன்னால் பேசிவிடுவார்கள். விஷயம் முடிந்தது. நீ படிப்பைப் பார்.

அன்புடன்,
அப்பா


11.4.1999

அன்புள்ள அப்பாவுக்கு,

விஷயம் முடிந்தது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு முடியவில்லை.

காட்டிக்கொடுத்த மறுநாள் சாயங்காலம் நெட்டை வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா கதவைத் திறந்தார்கள், என்னைப் பார்த்தார்கள், மூடிவிட்டார்கள். அடுத்த நாளும் போனேன். அதற்கு அடுத்த நாள் வெளிப்படியில் உட்கார்ந்து அன்றைய கணக்குப் பாடத்தைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன். நெட்டையே வந்தாள். "ஏன்டி வந்து உயிரை வாங்கற, காட்டிக்குடுத்தவளே" என்றாள். "காட்டிக்குடுத்தேன்தான். அதுக்காக நீ கணக்குல ஃபெயில் ஆகணுமா? எழுதிக்கோ" என்றேன். அவள் ஒரு மணி நேரம் என்னைத் திட்டினாள். பிறகு எழுதிக்கொண்டாள். இரண்டு வாரமும் தினம் போனேன். நேற்றுதான் பழையபடி என் தோளில் கையைப் போட்டாள், கனமாக.

நான் சொன்னதைத் திரும்பப் பெறவும் இல்லை, அவளை விடவும் இல்லை. இரண்டையும் ஒன்றாகச் செய்ய முடியும் என்று அப்போதுதான் தெரிந்தது.

அதனால் கேட்கிறேன், கோபத்தில் அல்ல. சித்தப்பா மூன்று வருடம் உள்ளே இருந்தார். நீங்கள் ஒருநாளாவது போய்ப் பார்த்தீர்களா?

வாயாடி


2.5.1999

என் அன்பு மகளுக்கு,

பரீட்சை நன்றாக எழுதியிருப்பாய். இங்கே வெயில் தாங்க முடியவில்லை, கிடங்கின் தகரக் கூரை அடுப்பாகக் காய்கிறது. எனக்குக் கண்ணாடி மாற்றியிருக்கிறார்கள். பழைய குடையை பஸ்ஸில் விட்டுவிட்டேன், புதிதாக மடக்குகிற குடை ஒன்று வாங்கினேன். நல்ல குடை. பையில் அடங்கிவிடுகிறது.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அப்பா


16.11.2008

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் பேசலாம்தான். போனில் நீங்கள், "சரி, காசு ஏறும், வை" என்பீர்கள். கடிதத்தில் அப்படி வைக்க முடியாது. அதனால் இது.

நான் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிற அழகைப் பார்க்க ஒருநாள் நீங்கள் வர வேண்டும். முப்பது வாயாடிகள். போன வாரம் வண்ணம் தீட்டும் வகுப்பு. ஒருவன் எனக்கு உதவுகிறேன் என்று வண்ணக் கிண்ணங்களைத் தட்டோடு தூக்கி வந்து மொத்தத்தையும் கொட்டிவிட்டான். தரையெல்லாம் சிவப்பும் நீலமும். இன்னொருத்தி, பக்கத்தில் இருந்தவளின் படம் தன்னுடையதைவிட அழகாக இருந்ததால் ஒரு சொட்டு கறுப்பை அதன் நடுவில் வைத்துவிட்டாள். யார் செய்தது பெரிய தப்பு என்று பிள்ளைகளைக் கேட்டேன். ஒரே குரலில் தட்டுக்காரனைச் சொன்னார்கள். "அவன்தான் டீச்சர் நிறையக் கொட்டினான்." "தெரியாமதானே கொட்டினான்?" என்றேன். "தெரியாம கொட்டினாலும் நிறைய நிறையதான்." ஒருத்தி மட்டும் யோசித்து, "நீங்க யாரைத் திட்டுறீங்களோ அவங்கதான் தப்பு" என்றாள்.

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். ஜெயிலுக்குப் போனால் கெட்டவர், வந்தால் நல்லவரா என்று நான் உங்களைக் கேட்டது இதே வயதில்தான். பன்னிரண்டு வயதில் நீங்கள் செய்தது தப்பு என்றேன். பதினாறில் சரி என்றேன். இரண்டு தடவையும் எனக்குக் கொஞ்சம்கூடச் சந்தேகம் இருக்கவில்லை. இப்போது சந்தேகம் இருக்கிறது, அதனால் நிதானமாகச் சொல்கிறேன். நீங்கள் சொன்ன சாட்சி சரி. ஆனால் அது ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு பதினேழு வருடமாக நடப்பது சாட்சி அல்ல அப்பா. அதை எந்தக் கோர்ட்டும் உங்களைக் கேட்கவில்லை.

அம்மா உங்கள்மேல் இப்போது கோபமாக இல்லை. "போய்ப் பார்த்திருந்தா சாட்சி சொன்னதைக்கூட நான் விட்டிருப்பேன்" என்று ஒருநாள் துணி மடித்துக்கொண்டே சொன்னார்கள்.

சித்தப்பா இரண்டு வருடமாக முட்டை மொத்த வியாபாரம் செய்கிற ஒரு கடையில் வேலை செய்கிறார். சித்தி இங்கேயே இருக்கிறார்கள், அவர் மட்டும் அங்கே தங்கியிருக்கிறார். அந்த ஊர், உங்கள் ஊரில் இருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம். முகவரியைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். சர்க்கரை அதிகமாகி இடது காலில் ஒரு விரலை எடுத்துவிட்டார்கள். கட்டோடு கடைக்குப் போகிறாராம்.

நான் சொன்னேன் என்பதற்காகப் போகாதீர்கள். உங்களுக்குத் தோன்றினால் போங்கள். பதில் எழுதாவிட்டாலும் சரிதான். எழுதினால் குடையைப் பற்றி எழுதாதீர்கள்.

உங்கள் வாயாடி


9.12.2008

என் வாயாடிக்கு,

குடையைப் பற்றி எழுதவில்லை.

உன் கடிதம் வந்த அன்று கோபம் வந்தது. அடுத்த நாள், நான் உனக்கு முதன்முதலில் எழுதிய பதிலை நினைத்துப் பார்த்தேன். பொய் சொல்லக்கூடாது என்று எழுதினேன். இப்போது அப்படி எழுத மாட்டேன். பொய் சொல்லியிருக்கிறேன். போன வருடம் கிடங்குக் காவலாளி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "அடுத்த வாரம் வீட்டுக்குப் போயிடலாம்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அவர் போக மாட்டார் என்று டாக்டர் அன்றைக்குத்தான் என்னிடம் சொல்லியிருந்தார். இதில் எனக்கு வருத்தம் இல்லை. கோர்ட்டில் பொய் சொல்லியிருந்தால் இன்னொரு ஃபேக்டரியில் இன்னொரு கதவைத் தைரியமாகப் பூட்டியிருப்பார்கள். அதற்காகத்தான் சொன்னேன் என்று இன்று சொல்லிக்கொள்ளலாம். அன்று இவ்வளவு யோசித்தேனா, தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை போனேன்.

கடை தெருமுனையில் இருக்கிறது. வாசல் வரைக்கும் முட்டை அட்டைகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள், ஒருவர் பக்கவாட்டில்தான் நுழைய முடியும். உள்ளே அவன் ஸ்டூலில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட காலை ஒரு காலி அட்டைமேல் நீட்டியிருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்து, "வாங்க" என்றான். அவன் என்னை வா, போ என்றுதான் பேசுவான். வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"முட்டை வேணுமா?" என்றான்.

"உன்னைப் பாக்க வந்தேன்."

"பாத்தாச்சா?"

நின்றுகொண்டே இருந்தேன். "நிக்காதே, உக்காரு. அட்டைல இடிச்சா என் சம்பளத்துலதான் பிடிப்பாங்க" என்றான்.

உட்கார்ந்தேன். அவனே பேசினான். "உள்ள இருந்தப்ப பார்வை நேரம் வந்தா சட்டையை மாத்திக்கிட்டு உக்காந்திருப்பேன். அவ வருவா, அண்ணி வருவாங்க. அப்புறமும் கொஞ்ச நேரம் உக்காந்திருப்பேன்."

"சொல்லியனுப்பியிருந்தா வந்திருப்பேன்" என்றேன். சொல்லும்போதே அது சரியில்லை என்று எனக்கே பட்டது.

"கூப்பிட்டாத்தான் வருவியா?"

அப்போது ஒருவர் இரண்டு அட்டை வாங்க வந்தார். எழப் பார்த்தான், காலை ஊன்ற முடியவில்லை. நான் எடுத்துக் கொடுத்தேன். அவர் போனதும் சொன்னான். "நீ சாட்சி சொன்னதுல எனக்கு ஒண்ணும் இல்ல. பூட்டினது நான். அந்தப் பொண்ணு போனது என் கையால. முதலாளி சொன்னாரு, நான் செஞ்சேன். செய்ய மாட்டேன்னு சொல்லியிருக்கலாம், சொல்லல. இதை நினைக்காத நாள் இல்ல. ஆனா அன்னிக்கு கோர்ட்ல என்ன சொன்னே, ஞாபகம் இருக்கா?"

"மேற்பார்வையாளர் பின்கதவைப் பூட்டியதைப் பார்த்தேன்."

"மேற்பார்வையாளர்" என்றான் அவன். "யாரு, யாருன்னு வக்கீல் ரெண்டு தடவை கேட்டாரு. ரெண்டு தடவையும் அதையே சொன்னே. 'என் தம்பி பூட்டினான்'னு சொல்லியிருந்தா அது பொய்யா? அதுவும் அதே உண்மைதானே. அதைச் சொல்லியிருந்தா மூணு வருஷத்தையும் லேசாக் கழிச்சிருப்பேன்."

"சாட்சியில சொந்தத்தைக் கலக்கக்கூடாதுன்னு நினைச்சேன்."

"நீ கலக்கல. வெட்டிட்டே."

முதலாளி சொன்னதை நான் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை என்று உனக்கு எழுதினேன். ஆனால் பூட்டியவன் என் தம்பி என்பது எனக்குத் தெரியும். நன்றாகத் தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டு, முழு உண்மையும் சொன்னதாக இத்தனை வருடம் நிமிர்ந்து நடந்திருக்கிறேன்.

மதியம் கடையைச் சாத்தினான். தோளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். வேண்டாம் என்றான், நாலு எட்டு வைத்துவிட்டுப் பிடித்துக்கொண்டான். எதிரில் ஒரு டீக்கடை. அவன் தினமும் போகிற கடை போல. கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, "யாரு, சொந்தமா?" என்று கேட்டார்.

"எங்க அண்ணன்" என்றான். "கோர்ட்ல என்மேல சாட்சி சொல்லி என்னை உள்ள அனுப்பினவரு."

கடைக்காரர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் என்னைப் பார்த்தார்.

"ஆமாங்க" என்றேன். "இவன் என் தம்பி. நான்தான் சொன்னேன்."

அவர் இரண்டு டம்ளர்களை எடுத்து வைத்துச் சர்க்கரையை அள்ளினார். "அவனுக்குச் சர்க்கரை போடாதீங்க, உடம்புக்கு ஆகாது" என்று நான் தடுத்தேன்.

"இங்கயும் வந்து சாட்சி சொல்ல ஆரம்பிச்சிட்டியா?" என்றான் உன் சித்தப்பா. ஆனால் டீயைச் சர்க்கரை இல்லாமல்தான் குடித்தான்.

வியாழக்கிழமை அவனுக்குக் காலில் கட்டு மாற்ற வேண்டும். ஆஸ்பத்திரியில் வரிசை நீளமாம், கூட ஒரு ஆள் இருந்தால் நல்லது என்கிறார்கள். நான் லீவு சொல்லிவிட்டேன். அம்மாவிடம் நீயே சொல்.

அன்புடன்,
அப்பா